எனக்கு முன்பக்கம் கிடையாது

ஹெட்போனை மாட்டிக்கொண்டால் எனக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதில்லை. இடது உண்டு, வலது உண்டு, பின்னால் வேண்டிய மட்டும் உண்டு. முன்னால் மட்டும் எதுவும் வராது. சரவுண்ட் சவுண்ட் மென்பொருள் எதை இறக்கினாலும் அதோடு ஒரு மாதிரி ஒலித்துண்டு சேர்ந்தே வரும். ஒரு ஹெலிகாப்டர் எதிரே கிளம்பி, இடப்பக்கமாகப் போய், முதுகுக்குப் பின்னால் வளைந்து, வலப்பக்கமாகத் திரும்பி மறுபடி எதிரே வந்து நிற்க வேண்டும். ஊரெல்லாம் அப்படித்தான் கேட்கிறது என்கிறார்கள். என்னுடைய ஹெலிகாப்டர் பிடரியில் கிளம்பும். இடது காதை உரசும். பிறகு மண்டைக்குள்ளேயே புகுந்து வலது காது வழியாக வெளியேறி, மறுபடி பிடரிக்கே வந்து இறங்கிவிடும்.

இதை வெளியே சொல்ல எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதுவரை யார் கேட்டாலும், "அப்படியே தியேட்டர்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காததைக் கேட்டதாகச் சொல்வதில் எனக்கு ஒரு சரளம் உண்டு. ராகம் தெரியாமலே கச்சேரியில் தலையாட்டிய பரம்பரை எங்களுடையது.

கிறுக்கு பிடித்தது மதுரையில் படித்த காலத்தில். 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. அடுத்த வருடம் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸோடு வந்தது. அதற்கப்புறம் சில வருடங்களுக்குப் போஸ்டரில் கதாநாயகன் முகத்துக்குச் சமமாக 'டிடிஎஸ்' என்ற எழுத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். டிடிஎஸ்ஸில் ஒலி பிலிமில் இருக்காது. தனியாக சிடியில் இருக்கும். பிலிமில் அச்சான நேரக்குறியைப் படித்துப் படித்து அந்த சிடி படத்தோடு கூடவே ஓடும். 1993-இல் 'ஜுராசிக் பார்க்' டைனோசர்கள் உறுமியது அந்த முறையில்தான். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. சுவரில் பெட்டி மாட்டியிருக்கிறார்கள், அதிலிருந்து மழை பெய்கிறது, அது போதும். கொடுத்த காசுக்கு முழு மழையும் வேண்டும் என்று, பக்கவாட்டு ஸ்பீக்கருக்கு நேர் கீழே ஓடிப்போய் இடம் பிடிப்பேன். மழை மட்டும் கேட்கும். வசனம் கேட்காது. கதாநாயகி எதற்காக அழுதாள் என்பதை இடைவேளையில் நண்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட படங்கள் நிறைய.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் போனஸை ரிச்சி தெருவில் கொண்டுபோய்க் கொட்டி ஒரு 5.1 செட் வாங்கினேன். ஐந்து குட்டி ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்பது கணக்கு. கடைக்காரர், "கூட ரெண்டு ரோல் வயர் எடுத்துக்குங்க சார், பின்னாடி வரைக்கும் எட்டாது" என்றார். மிச்சப்படுத்துகிற புத்தி, எடுக்கவில்லை. எட்டவில்லை. ஆகவே ஐந்து ஸ்பீக்கரும் ஷோகேஸ் மேலேயே வரிசையாக நின்றன, இடையிடையே தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் அலாரம் கடிகாரமும். பின்பக்கத்துச் சத்தமும் முன்னாலிருந்தே வந்தது. இன்று யோசித்தால், வாழ்க்கையில் எனக்கு முன்பக்கம் அபரிமிதமாகக் கிடைத்த காலம் அதுதான். அதன் அருமை அப்போது தெரியவில்லை. சப்வூஃபர் மேல் பூப்போட்ட துணி விரித்துத் தொலைபேசி வைத்திருந்தோம். மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் இறங்கிவந்து, "தம்பி, நீங்க கீழ படம் பாக்குறீங்க, மேல எங்க வீட்டுல டம்ளர் ஆடுது" என்று சொன்ன அன்றைக்கு அந்தத் துணிக்கு வேலை அதிகமாகி, சப்வூஃபர் முழுநேர ஸ்டூலானது.

அப்புறம் குழந்தை, அவள் தூக்கம், அவள் படிப்பு. பல்லாவரத்தில் வீடு, தலைக்கு மேலே விமானம் வேறு. ஹெட்போன்தான் வழி என்றானது. பெட்டியின் மேல் '7.1' என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். இங்கேதான் என் ஆராய்ச்சி மனம் விழித்துக்கொண்டது. ஏழு ஸ்பீக்கரை இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அடைத்திருப்பார்கள்? எண்ணிப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காதில் அழுந்துகிற அந்தப் பஞ்சு வளையத்தை நகவெட்டியின் நுனியால் நெம்பினேன். உள்ளே மெல்லிய கறுப்புத் துணி, அதற்குக் கீழே ஓட்டை போட்ட பிளாஸ்டிக், அதற்கும் கீழே ஒரே ஒரு வட்டத் தகடு. மறுபக்கமும் திறந்தேன். அங்கேயும் ஒன்று. ஆக மொத்தம் இரண்டு. மீதி ஐந்தும் மென்பொருளில் இருக்கின்றன என்பது பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. வளையத்தின் ஓரத் தோலை மறுபடி காடியில் செருகுவது மனிதக் கையால் ஆகாத காரியம். ஃபெவிக்விக் போட்டேன். அது இடதுபுறத்து 'எல்' எழுத்தின் மேல் வழிந்து அதை அழித்தது. சில நாள் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, திரையில் வலப்பக்கம் போகிற ரயில் இடது காதில் போவதைக் கேட்டு, இதுதான் சரவுண்ட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மென்பொருள் செய்கிற வேலை உண்மையில் அழகானது. திட்டுவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். நமக்கு இருப்பதும் இரண்டே காதுதான். அதை வைத்துக்கொண்டுதான் எட்டுத் திசையையும் அறிகிறோம். இடப்பக்கத்துச் சத்தம் இடது காதை முதலில் தொட்டு, மண்டையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போகும். தாமதம் அதிகம் போனால் ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கில் முக்கால் வாசிகூட இராது. மூளை அதை அளந்துவிடுகிறது. மண்டை மறைப்பதால் தூரத்துக் காதில் கீச்சொலிகள் மங்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இவ்வளவையும் ராலே பிரபு 1907-இலேயே எழுதி வைத்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், நேர் எதிரே இருக்கிற சத்தமும் நேர் பின்னால் இருக்கிற சத்தமும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தான் வந்து சேரும். அங்கே தீர்ப்புச் சொல்வது காது மடல். அதன் மேடு பள்ளங்களில் பட்டுத் தெறிக்கும்போது சில அதிர்வெண்கள் தூக்கலாகும், சில அடங்கும். முன்னால் வந்தால் ஒரு விதம், பின்னால் வந்தால் வேறு விதம். அந்தக் கறையைப் பார்த்துத்தான் மூளை திசை சொல்கிறது. மென்பொருள் அதே கறையைச் செயற்கையாகப் பூசி, ஒவ்வொரு கற்பனை ஸ்பீக்கரின் ஒலியையும் இரண்டு காதுக்கும் தனித்தனியாக வடிகட்டி அனுப்புகிறது.

யாருடைய காதின் கறை? அதுதான் கேள்வி. 1972-இல் நோல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கெமார் என்று ஒரு பொம்மை மனிதனைச் செய்தது. தலை, தோள், ரப்பர் காது, காதுக்குள் மைக். சராசரி மனிதனின் அளவுகளை வைத்துச் செய்தது. 1994-இல் எம்ஐடியில் அதைச் சுற்றி 710 திசைகளில் ஸ்பீக்கரை வைத்து அளந்து, அளவுகளை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். 2001-இல் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகம் கெமாரையும் சேர்த்து 45 தலைகளின் அளவுகளை வெளியிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ தலைகள். ஆக, ஹெட்போனில் சரவுண்ட் கேட்கிற ஒவ்வொருவரும் இன்னொருவன் தலையை மாட்டிக்கொண்டு கேட்கிறோம். அந்தத் தலை நம் தலைக்கு நெருக்கமாக இருந்தால் பிழைத்தோம்.

என் காது அப்பாவழிக் காது. பக்கவாட்டில் நன்றாக விரிந்து நிற்கும். சலூனில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பையனும் அதை மடக்கிப் பிடித்துக்கொண்டுதான் கத்தரி வைப்பான். எந்த ஆய்வகத்திலும் எந்தப் பொம்மைக்கும் அப்படியொரு காது பொருத்தியிருக்க வாய்ப்பில்லை. போதாததற்கு, கண்ணுக்கு எதிரே எதுவும் தெரியாமல் சத்தம் மட்டும் வந்தால், அது பின்னால்தான் இருக்க வேண்டும் என்று மூளை முடிவுகட்டிவிடும் என்கிறார்கள். என் மூளை இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானது.

தியேட்டரில் சந்தேகம் வந்தால் கழுத்தை லேசாகத் திருப்புவோம், தெளிவாகிவிடும். ஹெட்போனில் நாம் திரும்பினால் தியேட்டரும் கூடவே திரும்பும். அதற்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். 2020-இல் ஆப்பிள் தன் ஏர்பாட்ஸ் ப்ரோவில், தலை திரும்புவதை அறிந்து ஒலியை அங்கேயே நிறுத்தி வைக்கும் வசதியைக் கொடுத்தது. அதன் விலையை வீட்டில் சொன்னேன். பதில் எனக்கு நேர் முன்னாலிருந்து வந்தது. திசையில் சந்தேகமே இல்லை.

ஊரடங்கின்போது, கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் எனக்கு கவுன்டர் ஸ்ட்ரைக் கற்றுக்கொடுத்தான். அந்த விளையாட்டில் கண்ணைவிடக் காது முக்கியம். காலடிச் சத்தத்தை வைத்தே எதிரி எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

"மாமா, ஒருத்தன் வர்றான், கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுடா."

"எந்தப் பக்கம்?"

"பின்னாடி."

திரும்பிப் பார்ப்பேன். முன்னாலிருந்து சுட்டுவிடுவான். அடுத்த ஆட்டம். மறுபடி காலடி. இந்தத் தடவை சாமர்த்தியமாக, பின்னால் கேட்டால் முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம் என முடிவு செய்து எதிரே பார்த்துக்கொண்டு நிற்பேன். உண்மையிலேயே பின்னாலிருந்து வந்து சுடுவான். மருமகன் பொறுமைசாலி. வரிசையாக ஒலித்துண்டுகள் அனுப்பினான். ஒவ்வொன்றிலும் ஒரு கைதட்டல், நான் திசை சொல்ல வேண்டும். இடது, வலது எல்லாம் சரியாகச் சொன்னேன். முன்னால் தட்டியதை எல்லாம் பின்னால் என்றேன். "மாமா, உங்களுக்கு உலகமே முதுகுக்குப் பின்னாடிதான் நடக்குது" என்று சொல்லிவிட்டு, தூரத்திலிருந்தே என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. விளையாட்டு தானாகவே ஹெட்போனுக்கென்று ஒரு சரவுண்ட் போடுகிறது. விண்டோஸில் இன்னொன்றை நான் போட்டு வைத்திருந்தேன். ஹெட்போனோடு வந்த மென்பொருள் மூன்றாவது. பாவம் அந்தக் காலடி ஓசை, ஒருவன் தலைக்குள் புகுந்து, அதோடு இன்னொருவன் தலைக்குள் புகுந்து, மூன்றாவது தலையையும் தாண்டி என் காதுக்கு வந்துகொண்டிருந்தது. "ஒண்ணுதான் போடணும் மாமா. ஒண்ணுக்கு மேல போட்டா கூழாயிடும்." ஒன்று நல்லதென்றால் மூன்று இன்னும் நல்லது என்பது என் வாழ்க்கைக் கணக்கு. பிரமாதமாக இருக்கிறது என்று அதுவரை அவனிடம் சொல்லி வந்ததைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

அதே நாட்களில் '8டி' பாடல்கள் என்று ஒரு காய்ச்சல் பரவியது. பாட்டை எடுத்து இரண்டு காதுக்கும் இடையில் மெதுவாகச் சுற்றவிட்டு, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, 'ஹெட்போன் அவசியம்' என்று மேலே எழுதிவிட்டால் அது 8டி. நான்காவதிலிருந்து எட்டாவது வரை என்னென்ன பரிமாணங்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இளையராஜா பாட்டு ஒன்றை அப்படிச் சுற்றவிட்டதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, ஒலி விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு பெரிய குறிப்பும் எழுதினேன். முதல் பதில் பெரியப்பாவிடமிருந்து வந்தது: "அற்புதம். தலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது." பெரியப்பாவுக்கு இடது காது கேட்காது. அது ஊருக்கே தெரியும். அதோடு ஹெட்போன் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை. தலையாட்டிய பரம்பரை என்று மேலே சொன்னேன் அல்லவா, மூத்தவர் அவர்தான்.

என்னைவிட அவர் மேல். அவர் ஒரு தடவைதான் சொன்னார். நான் எம்.எஸ்.வி.யின் அறுபதுகளின் பாடல்களைச் சரவுண்டில் போட்டுவிட்டு, "வயலினெல்லாம் பின்னாடி வரிசையா உக்காந்து வாசிக்கிற மாதிரி கேக்குது" என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்துப் பாட்டு மோனோ. பாடகர், வயலின், தபலா எல்லாரும் ஒரே புள்ளியில் நிற்பார்கள். 1978-இல் 'ப்ரியா' ஸ்டீரியோவில் வந்ததைத் தமிழ்நாடு அவ்வளவு கொண்டாடியதே அதனால்தான். ஒரே தடம் இருக்கிற பாட்டிலிருந்து பின்வரிசை வயலினைப் பிரித்தெடுக்க எந்த மென்பொருளும் முயலவில்லை, பிரித்தது நான். இணையத்தில் நான் பார்த்துத் தள்ளிய படங்களும் இரண்டே சேனல் உள்ளவை. அவற்றுக்குச் சரவுண்ட் மென்பொருளால் செய்ய முடிந்ததெல்லாம், இரண்டு கற்பனை ஸ்பீக்கரை எதிரே வைத்து, ஒரு கற்பனை அறையின் எதிரொலியைச் சேர்ப்பது. பின்னால் அனுப்ப அதனிடம் எதுவும் இல்லை. எதிரே வைத்ததும் எனக்குப் பின்னால் போய்விட்டதால், பின்பக்கம் அருமையாகக் கேட்கிறது என்று நான் சொன்னதில் ஒரு வகை உண்மை இருந்தது.

ஒரு மென்பொருளைச் சோதனைக் காலத்துக்கு இலவசமாகப் பயன்படுத்தினேன். காலம் முடிந்தது தெரியாமல் அதற்கப்புறமும் நெடுநாள் அதன் பெருமையைப் பேசினேன். அது அணைந்து வெறும் ஸ்டீரியோ ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் என் வர்ணனைகள் உச்சத்தில் இருந்தன. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை.

ஆனால் மைக் விவகாரத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அது கணக்கில் ஏறிவிட்டது. நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு நாள், காலைக் கூட்டத்தில் ஆடிட்டரின் குரல் ஏதோ பெரிய கூடத்திலிருந்து வந்தது. முந்தின இரவு போட்ட சரவுண்டை நான் அணைக்கவில்லை.

"சார், கல்யாண மண்டபத்துல இருக்கீங்களா? ரொம்ப எதிரொலிக்குது."

"ஆபீஸ்ல என் ரூம்லதான்யா இருக்கேன்."

மற்றவர்கள் தங்களுக்கு நன்றாகக் கேட்பதாக முனகினார்கள். நான் ஒலி விஷயத்தில் விவரமானவன் என்று அலுவலகத்தில் ஒரு பெயர் இருந்தது (வயலின் வரிசை). அவர் என் பேச்சைத்தான் நம்பினார். ஜன்னலைச் சாத்தினார், ஃபேனை நிறுத்தினார், மடிக்கணினியை நகர்த்தினார், வியர்த்தார். மறுவாரம் ஒரு நல்ல மைக் வாங்கி வைத்துவிட்டு முதலில் என்னைத்தான் கேட்டார். அதற்குள் எனக்கு விஷயம் புரிந்து, சரவுண்டை அணைத்திருந்தேன். "இப்ப அப்படியே பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கு சார்." அந்த மைக்கை அலுவலகச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றியதும் நான்தான். வருடா வருடம் மார்ச் மாதம் அதற்குத் தேய்மானம் எழுதுகிறேன்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரே ஒரு தடவை சரவுண்ட் எனக்கு வேலை செய்தது. அன்றைக்கு ஆறு சேனலும் உள்ள ஒரு பேய்ப்படத் தட்டு கிடைத்திருந்தது. வீட்டில் யாருமில்லை. பாழடைந்த பங்களா, மாடிப்படி, காற்று. காற்று வழக்கம்போல் மண்டைக்குள்தான் அடித்தது. திடீரென்று இடப்பக்கம், சற்றுப் பின்னால், கதவைத் தட்டுகிற சத்தம். தலைக்குள் இல்லை. வெளியே. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, மரத்தின் கனத்தோடு. எனக்குப் புல்லரித்துவிட்டது. இதுநாள்வரை நான் சொல்லிவந்த பொய்யெல்லாம் ஒரே நொடியில் மெய்யானது. மறுபடி கேட்க ஆசைப்பட்டுப் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினேன். காற்று வந்தது, படி வந்தது, தட்டல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன். வரவில்லை. ஒலித்தடத்தை மாற்றிப் பார்த்தேன். அதற்குள் மறுபடி ஒரு தட்டல், இந்தத் தடவை இன்னும் உக்கிரமாக, படம் நிறுத்தத்தில் இருக்கும்போதே. படம் நின்ற பிறகும் சத்தம் வருகிறதென்றால் எவ்வளவு நுட்பமான மென்பொருள் என்று நான் யோசித்ததை இங்கே எழுதத்தான் வேண்டும்.

மனைவி வந்தபோது எதிர்வீட்டு அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். சிலிண்டர்காரர் வந்து, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சிலிண்டர் மறுபடி வரும்வரை இண்டக்‌ஷன் அடுப்பில் சமையல். அதில் அப்பளம் சுட முடியாது. "ஏங்க, உலகத்துல இருக்குற சத்தமெல்லாம் கேக்குது, வாசக்கதவு மட்டும் காதுல விழாதா?" என்றாள். விழுந்தது, அதை நான் ரசித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? விழவில்லை என்றே ஒத்துக்கொண்டேன். கேட்டதைக் கேட்கவில்லை என்று நான் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அப்புறம் ஹெசுவி என்று ஓர் இலவச மென்பொருளைக் கண்டுபிடித்தேன். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்து வேலை செய்யும். அதில் தலைகள் பட்டியலாகவே இருக்கின்றன; டால்பி மாதிரி ஒன்று, டிடிஎஸ் மாதிரி ஒன்று, பற்பல அறைகள், பற்பல பொம்மைகள். எது நமக்குப் பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதைவிட மோசமான வரம் கிடைத்திருக்க முடியாது. படம் பார்ப்பது நின்றது. சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் ஹெலிகாப்டர்தான். ஒரு தலையைப் போடுவேன், சுற்றவிடுவேன், சரியில்லை என்று அடுத்த தலைக்குப் போவேன். பட்டியலின் அடிக்கு வந்ததும், முதலில் போட்டது இதைவிடப் பரவாயில்லையோ என்று மேலே போவேன். பெண் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் பஜ்ஜி மட்டும் தின்றுவிட்டு வருகிற மாப்பிள்ளையின் நிலை.

இந்தச் சமயத்தில்தான் நெதர்லாந்தில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். ஹாஃப்மன் என்பவரும் சகாக்களும் 1998-இல் வெளியிட்டது. சிலருடைய காது மடலுக்குள் அச்சு வைத்து அதன் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். உடனே அவர்களுக்குச் சத்தம் மேலேயிருந்து வருகிறதா கீழேயிருந்து வருகிறதா என்பது தெரியாமல் போய்விட்டது. அச்சைக் கழற்றாமல் அதோடேயே நடமாடவிட்டார்கள். சில வாரங்களில் மூளை அந்தப் புதுக் காதைக் கற்றுக்கொண்டது. திசை திரும்ப வந்தது. அச்சை எடுத்த பிறகு பழைய காதும் மறந்துபோயிருக்கவில்லை. இன்னொருவன் காதைக்கூட மூளை பழகிக்கொள்ளும், ஆனால் அதே காதை வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். நான் எந்தத் தலைக்கும் ஒரு ராத்திரிக்கு மேல் கொடுத்ததில்லை. பொம்மை மேல் பழி, என் அப்பாவின் காது மேல் பழி, ரிச்சி தெரு வயர் மேல்கூடப் பழி போட்டிருக்கிறேன். விடாமல் ஒன்றையே கேட்டுப் பார்க்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை.

சரி, ஒரே தலை, மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். எதை வைப்பது என்று தெரியாமல் பட்டியலில் முதலில் இருந்ததை வைத்தேன். என்னை நம்ப முடியாது என்பதால், கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு நான் இந்த மென்பொருளைத் திறக்க முடியாதபடி செய்யச் சொல்லி மகளிடம் கேட்டேன். பிளஸ் ஒன் படிக்கிறாள். ஹெட்போனையும் விளையாட்டுப் பொருட்களையும் அவள் பொருட்படுத்துவதில்லை. செய்து முடித்துவிட்டு, "என்னதான்ப்பா இது?" என்று ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் காது அவள் அம்மா காது. சின்னதாக, தலையோடு ஒட்டினாற்போல் இருக்கும். ஹெலிகாப்டரை ஓடவிட்டேன். அவள் விரலை நீட்டி, ஒரு சந்தேகமும் இல்லாமல் மேஜைக்கு நேர் எதிரே சுவரைக் காட்டினாள். விரல் இடப்பக்கம் போனது, தோளுக்குப் பின்னால் போனது, வலப்பக்கமாக வந்து, மறுபடி சுவரில் அதே இடத்தில் நின்றது.

"எங்கம்மா இருக்கு?"

"முன்னாடிதான். ஏன், உங்களுக்கு எங்க கேக்குது?"

"எனக்கும் முன்னாடிதான்."

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. கெமிஸ்ட்ரி வகுப்பு வீடியோவை இதில் கேட்டால் சார் போர்டு பக்கத்திலேயே நின்று பேசுவது போலிருக்கிறதாம், நன்றாகப் புரிகிறதாம். பாஸ்வேர்டை இன்னும் சொல்லவில்லை. ஹெட்போனும் அவள் அறையில்தான் இருக்கிறது.